ஃபைவ்ஸ் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை

‘ஸ்டார் வார்ஸ்: தி குளோன் வார்ஸ்’ அனிமேஷன் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு குறை தவறாமல் வந்து விழுகிறது. கட்டளை வந்ததும் சொந்தத் தளபதிகளையே கொல்ல வைக்கும் ஒரு சிப்பை குளோன் வீரர்களின் மூளைக்குள் வைத்துவிட்டதால் அவர்கள் செய்த துரோகம் துரோகமாகவே இல்லாமல் போய்விட்டதாம்; கதாசிரியர்கள் அவர்களைச் சுலபமாகத் தப்பவிட்டுவிட்டார்களாம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இந்தத் தொடரின் ஆகச்சிறந்த பகுதியே அந்தச் சிப் கதைதான் என்று நினைக்கிறேன். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

திரைப்படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு குளோன்கள் யார்? 2002இல் வந்த படத்தில் குடியரசுக்குத் திடீரென்று ஒரு படை கிடைக்கிறது. கமினோ என்ற கடல் சூழ்ந்த கிரகத்தில், ஜாங்கோ ஃபெட் என்ற ஒரே மனிதனின் மரபணுவிலிருந்து உருவாக்கப்பட்ட வீரர்கள். சாதாரண மனிதரைவிட இருமடங்கு வேகத்தில் வளரும்படி செய்யப்பட்டவர்கள். பத்து வயதில் கையில் துப்பாக்கியுடன் போர்க்களம். 2005இல் வந்த படத்தில் ‘ஆணை 66’ பிறப்பிக்கப்படுகிறது. ஜெடாய்கள் என்றால் குடியரசைக் காக்கும் வீரத் துறவிகள். மூன்று வருடம் தோளோடு தோள் நின்ற அந்த ஜெடாய் தளபதிகளை அதே வீரர்கள் சுட்டுத்தள்ளுகிறார்கள். அந்தக் காட்சியில் நம் மனம் முழுக்க ஜெடாய்களுக்காகத்தான் பதறுகிறது. சுடுகிறவர்கள் வெறும் வெள்ளைக் கவசங்கள். முகம் இல்லை, பெயர் இல்லை. அவர்களுக்காகவும் வருந்த வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

2008 ஆகஸ்ட்டில் ஒரு திரைப்படமாகவும், அக்டோபரில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடராகவும் ‘குளோன் வார்ஸ்’ வந்தது. ஜார்ஜ் லூக்கஸ் உருவாக்கியது. முன்னின்று நடத்தியவர் டேவ் ஃபிலோனி. அந்தத் திரைப்படம் சுமார்தான், குற்றக் கும்பல் தலைவன் ஜப்பாவின் மகனைக் கடத்துவதும் மீட்பதுமாக ஓடி முடிந்துவிடும். முதல் சீசனின் முகங்கள் மரத்தில் செதுக்கியவை போல விறைப்பாக இருக்கும். 1960களில் ஜெரி ஆண்டர்சன் எடுத்த பொம்மலாட்டத் தொலைக்காட்சித் தொடர்களின் சாயலை வேண்டுமென்றே கொண்டுவந்திருந்தார்கள். பலர் அந்த முகங்களைப் பார்த்துவிட்டே, இது சிறுவர்களுக்கானது என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இழந்தது பெரிது.

தொலைக்காட்சியில் வந்த முதல் எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிகள் சுற்றி வளைத்திருக்க, ஜெடாய்களின் மூத்த குரு யோடா மூன்று குளோன்களுடன் ஒரு குகையில் அமர்ந்திருக்கிறார். தலைக்கவசங்களைக் கழற்றச் சொல்கிறார். ‘எங்களில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே முகம்தானே’ என்கிற தயக்கம் அவர்களுக்கு. யோடா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறார். நீங்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு ஆள் என்று புரியவைக்கிறார். அடுத்து வரவிருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட எபிசோடுகளின் உயிர் அந்த ஒரு குகைக் காட்சியில் இருக்கிறது.

எல்லாக் குளோன்களுக்கும் குரல் கொடுத்தவர் ஒரே நடிகர், டீ பிராட்லி பேக்கர். ஐந்து குளோன்கள் கூடிப் பேசும் காட்சியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். அடிப்படைக் குரலும் உச்சரிப்பும் ஒன்றுதான். படைத்தலைவன் ரெக்ஸின் நிதானம் வேறு, ஹார்ட்கேஸின் துடிப்பு வேறு, டாக்மாவின் விறைப்பு வேறு. யார் பேசுகிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். நடிப்பு விருதுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த உழைப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் சீசனிலேயே ஸ்லிக் என்றொரு குளோன் எதிரிக்குத் தகவல் கொடுத்து மாட்டிக்கொள்கிறான். ஏன் செய்தாய் என்று கேட்டால், ஜெடாய்கள்தான் என் சகோதரர்களை அடிமைகளாக வைத்திருக்கிறார்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். அவனை இழுத்துச் செல்கிறார்கள். பதில் மட்டும் யாரிடமும் இல்லை. இரண்டாவது சீசனில், படையை விட்டு ஓடிப்போய் மனைவி, இரண்டு குழந்தைகள், விவசாயம் என்று வாழும் கட் லாக்வேன் என்ற குளோனை ரெக்ஸ் சந்திக்கிறான். தனக்குக் கிடைத்திருக்கக்கூடிய வாழ்க்கையை ரெக்ஸ் அந்தச் சாப்பாட்டு மேசையில் அருகிருந்து பார்க்கிறான். ஓடிப்போனவனைக் காட்டிக்கொடுப்பது அவன் கடமை. காட்டிக்கொடுக்காமல் திரும்புகிறான்.

நான்காவது சீசனின் அம்பாரா கதைக்கு வருகிறேன். நான்கு எபிசோடுகள். இரண்டாவதை இயக்கியவர் வால்டர் மர்ச். திரைப்படப் படத்தொகுப்பிலும் ஒலியமைப்பிலும் பெரிய பெயர். சூரிய வெளிச்சமே எட்டாத கிரகம். ரெக்ஸின் படையை நடத்திவந்த ஜெடாய் தளபதி அனகின் தலைநகருக்குத் திரும்ப அழைக்கப்பட, பாங் கிரெல் என்ற இன்னொரு ஜெடாய் தளபதி பொறுப்பேற்கிறான். குளோன்களைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டான், எண்தான். எதிரியின் பீரங்கிகளுக்கு நேராகக் கூட்டம் கூட்டமாக அனுப்புகிறான். கட்டளையை மீறி எதிரியின் விநியோகக் கப்பலைத் தகர்த்ததற்காக ஃபைவ்ஸ், ஜெஸ்ஸி என்ற இரண்டு குளோன்களுக்கு மரண தண்டனை. சுடுவதற்கு வரிசையாக நிற்பவர்கள் அவர்களுடைய சகோதரர்களே. நாங்கள் சிந்திக்கத் தெரியாத இயந்திரங்கள் இல்லை, மனிதர்கள். தவறான கட்டளை வரும்போது சரியான முடிவை எடுக்க எங்களை நம்ப வேண்டும் என்று ஃபைவ்ஸ் உரக்கச் சொல்கிறான். துப்பாக்கிகள் வெடிக்கின்றன. ஒரு குண்டுகூட அவர்கள்மீது படவில்லை. அத்தனை பேரும் வேண்டுமென்றே குறி தவறவிட்டிருக்கிறார்கள்.

அடுத்ததாக கிரெல் செய்வது படுபாதகம். அம்பாரா வீரர்கள் குளோன் கவசங்களைத் திருடி அணிந்து வருகிறார்கள் என்று சொல்லி ரெக்ஸின் படையை அனுப்புகிறான். எதிர்ப்பக்கம் இருப்பவர்களிடமும் இதையே சொல்லி வைத்திருக்கிறான். இருட்டில் இரண்டு தரப்பும் சுட்டுக்கொள்கின்றன. கீழே விழுந்த ஒருவனின் தலைக்கவசத்தை ரெக்ஸ் கழற்றிப் பார்க்கிறான். உள்ளே தன்னுடைய முகம். சண்டையின் நடுவே ஓடி ஓடி, கவசத்தைக் கழற்றுங்கள், எல்லோரும் நம் ஆட்கள்தான் என்று கத்துகிறான். செத்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவன் வாக்சர். முதல் சீசனில் ரைலாத் கிரகத்தில் நூமா என்ற அநாதைச் சிறுமியைப் பார்த்துக்கொண்டவன் அவன். அவளுடைய படத்தைத் தன் கவசத்தில் வரைந்து வைத்திருந்தான். உண்மையைச் சொல்லிவிட்டு, கண்ணில் நீரோடு உயிரை விடுகிறான்.

இனி சிப்பைப் பற்றிப் பேசலாம். அம்பாராவில் குளோன்கள் என்ன செய்தார்கள்? அநியாயமான கட்டளையை எதிர்த்தார்கள், சொந்தத் தளபதியையே கைது செய்தார்கள். ரெக்ஸால் கிரெல்லைச் சுட முடியவில்லை, கை நடுங்கியது. சட்டத்தை அச்சுப் பிசகாமல் பின்பற்றிய டாக்மாதான் கடைசியில் சுட்டான். இப்படிப்பட்டவர்களிடம் போய், உங்களோடு போரிட்ட அனகினின் மாணவி அசோகாவைச் சுடு, ஜெடாய் தளபதி ஓபி-வானைச் சுடு என்றால் சும்மா கேட்பார்களா? மாட்டார்கள். குடியரசின் தலைவராக இருந்தபடியே போரைத் திட்டமிட்ட பால்பட்டீனுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் பிறப்பதற்கு முன்பே சிப். சிப் இல்லாமலே அவர்கள் சுட்டார்கள் என்று கதையைக் கொண்டுபோயிருந்தால், அதுவரை காட்டிய மனிதர்கள் அத்தனை பேரும் பொய்யாகியிருப்பார்கள்.

அந்தச் சிப்பைக் கண்டுபிடிப்பவன் யார்? நாங்கள் மனிதர்கள் என்று சொன்ன அதே ஃபைவ்ஸ். ஆறாவது சீசனில் அவனுடைய நண்பன் டப் திடீரென்று ஒரு ஜெடாயைச் சுட்டுக் கொல்ல, காரணத்தைத் தேடிப் போகிறான். தன் தலையில் இருக்கும் சிப்பை அகற்றிக்கொள்கிறான். உண்மையைச் சொல்வதற்குத் தலைநகருக்குப் போனவன் மீது பால்பட்டீனைக் கொல்ல முயன்றான் என்று பழி விழுகிறது. அனகினையும் ரெக்ஸையும் ரகசியமாக வரவழைத்துக் கதறிச் சொல்கிறான். மருந்தின் மயக்கத்தில் தடுமாறும் பேச்சு. கேட்பவர்களுக்கு உளறலாகவே படுகிறது. இன்னொரு குளோனின் குண்டுக்குப் பலியாகிறான்.

குற்றம் யாருடையது என்ற கேள்வியும் இங்கேதான் கூர்மையாகிறது. அதே சீசனில், இந்தப் படையை உருவாக்கியதில் எதிரித் தலைவன் டூக்குவின் கை இருந்ததை ஜெடாய் சபை தெரிந்துகொள்கிறது. அப்போது சபை என்ன செய்கிறது? வெளியே தெரிந்தால் நம்பிக்கை போய்விடும் என்று மூடி மறைக்கிறது. அந்த முடிவை எடுப்பவர், முதல் எபிசோடில் தலைக்கவசத்தைக் கழற்றச் சொன்ன யோடா. சிப் வந்ததால் யாரும் தப்பவில்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். பழி குளோன்களின் தலையிலிருந்து இறங்கி, அவர்களை விலைக்கு வாங்கியவர்கள் தலையிலும் வசதியாகக் கண்ணை மூடிக்கொண்டவர்கள் தலையிலும் ஏறியது.

2013இல் தொடரை நிறுத்தினார்கள். ஆறாவது சீசன் 2014இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, கடைசி சீசன் 2020இல்தான் வந்தது. காத்திருந்தது வீண்போகவில்லை. ஆணை 66 வந்த நொடியில் ரெக்ஸ் இரண்டு துப்பாக்கிகளையும் அசோகாவை நோக்கி உயர்த்துகிறான். கைகள் நடுங்குகின்றன. கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது. முழு பலத்தையும் திரட்டி, ஃபைவ்ஸைத் தேடு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் சுடுகிறான். ஃபைவ்ஸ் சொன்னதைப் பற்றி ரெக்ஸ் எழுதிக் கொடுத்திருந்த புகார் கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. அசோகா அதைத் தேடி எடுத்துப் படித்ததால்தான் ரெக்ஸின் தலையிலிருந்து சிப் வெளியே வருகிறது. மற்றவர்கள், அசோகாவின் முகக்குறிகளைத் தங்கள் கவசங்களில் ஆசையாகத் தீட்டிக்கொண்டவர்கள், அவளைக் கொல்லத் துரத்துகிறார்கள். அவளோ அவர்களில் ஒருவனையும் கொல்ல மாட்டேன் என்கிறாள். இதைப் பார்த்தபின்பும் துரோகத்தின் கனம் குறைந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒளிபரப்பான வரிசையில் கதை முன்னும் பின்னுமாக இருக்கும்; ஃபைவ்ஸின் பயிற்சிக்காலம் மூன்றாவது சீசனில் வருகிறது, முதல் போரோ முதல் சீசனில். அதிகாரபூர்வ இணையதளம் வெளியிட்ட கால வரிசைப்படி பாருங்கள். ரோபோக்களை மட்டும் வைத்து எடுத்த எபிசோடுகள் பிடிக்கவில்லை என்றால் தாண்டிப் போகலாம். பிறகு, 2021இல் தொடங்கிய ‘தி பேட் பேட்ச்’ தொடரையும் விட்டுவிடாதீர்கள். அதன் இரண்டாவது சீசனில், போர் முடிந்து இனித் தேவையில்லை என்றாகிவிட்ட குளோன்களின் எதிர்காலத்துக்கு என்ன வழி என்று ரியோ சூச்சி என்ற செனட்டர் அவையில் எழுந்து கேட்கிறார். இவர்களை விலைக்கு வாங்கிய நாளிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.