போஸ் நிறுவனத்தை நடத்துவது எம்.ஐ.டி.யா? உண்மை விளக்கம்

'கொல்கத்தாவில் பிறந்த பேராசிரியர் அமர் போஸ், தன் ஒலிபெருக்கி நிறுவனமான போஸ் முழுவதையும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு (எம்.ஐ.டி.) கொடுத்துவிட்டார், இப்போது அதை நடத்துவது பல்கலைக்கழகம்தான்' என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

அவர் 1929இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். வங்காளத்திலிருந்து அங்கே போனவர் அவருடைய தந்தை.

2011இல் அவர் எம்.ஐ.டி.க்குக் கொடுத்தது நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள். ஆனால் அவை வாக்குரிமை இல்லாத பங்குகள். ஈவுத்தொகை, அதாவது லாபத்தில் ஒரு பங்கு, எம்.ஐ.டி.க்கு வரும், அதைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் செலவிடலாம். பங்குகளை விற்க முடியாது, நிர்வாகத்திலும் தலையிட முடியாது. 'பெரும்பான்மை' என்ற சொல்லை மட்டும் படித்தவர்கள் இங்கேதான் வழுக்கியிருக்கிறார்கள்.

நிறுவனத்தை 1964இல் தொடங்கிய பிறகும் அவர் வகுப்பறையை விடவில்லை. 2001 வரை எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் கற்பித்தார். அங்கே அவர் செய்த ஒலி ஆராய்ச்சியின் பலன் 1968இல் வந்த 901 ஒலிபெருக்கியில் தெரியும்: நான்கு அங்குல ஸ்பீக்கர்கள் ஒன்பது, எட்டு பின்சுவரை நோக்கி, ஒன்று மட்டும் முன்னால். சிறிய ஸ்பீக்கர் கூம்புகளில் அடித்தொனியும் உச்சத்தொனியும் குன்றும் என்பதால், அதை ஈடுகட்டத் தொனிகளைக் கூட்டிக் குறைக்கும் தனிக் கருவி (ஈக்குவலைசர்) உண்டு. பழைய 901 வாங்குவோர் அதையும் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் இணைத்தால் ஒலி சப்பென்று இருக்கும்.