ஒரு மானிட்டர், மூன்று பயணம்

மொரீஷியஸில், மூன்றாவது முறையாக ரோஸ் ஹில்லிலிருந்து தலைநகர் போர்ட் லூயிக்குப் பஸ் ஏறினேன். எதற்கு? மடிக்கணினியை மானிட்டரோடு இணைக்கும் ஒரு கேபிளுக்கு! தைப்பூசக் காவடிக்குக்கூட நான் இவ்வளவு அலைந்ததில்லை.

என் பழைய மானிட்டரின் முதுகில் நீல நிற விஜிஏ, வெள்ளை நிற டிவிஐ என்று படம் வாங்கும் இரண்டு துளைகள். மடிக்கணினியிலோ எச்டிஎம்ஐ, யூஎஸ்பி-சி என்று வேறு வகைத் துளைகள். சம்பந்தம் பேசி முடிக்க நான் என்ன கல்யாணத் தரகரா?

1987இல் வந்த விஜிஏ கிழடுதான், ஆனால் நேர்மையானது: 15 ஊசி, இரு திருகாணி, தீர்ந்தது. டிவிஐ அப்படியா? டி, ஏ, ஐ என்று மூன்று பங்காளிகள்! நான் வாங்கியது ஐ, மானிட்டர் கேட்டது டி. தட்டை ஊசியைச் சுற்றி நான்கு குட்டி ஊசிகள் கூடுதல். அழுத்தினேன், திருப்பினேன், கெஞ்சினேன். நுழையவில்லை.

அடுத்த முறை எச்டிஎம்ஐ என்று நினைத்து டிஸ்ப்ளேபோர்ட்டை வாங்கி வந்தேன். பார்க்க ஒரே சாயல்: டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு ஒரு மூலை வெட்டு, எச்டிஎம்ஐக்கு இரண்டு. கடைவாசலில் பூதக்கண்ணாடி வைத்தால் என்ன?

இன்று யூஎஸ்பி-சி. கச்சிதமாகப் பொருந்தியது! திரை மட்டும் கறுப்பு. மடிக்கணினியின் அந்தத் துளை மின்னேற்ற மட்டுமாம், படம் காட்டாதாம். அதை அதன் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கக் கூடாதா?