மெட்ரோ வருது சரி, தண்ணி வருதா?

சென்னையில் மாதவரம்–சிறுசேரி மெட்ரோ ஓடும் முன்பே ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் அடுக்குமாடி பிளாட் வாங்கிப் போடுங்கள் என்கிறது கட்டுரை. 2014லிருந்து பெரும்பாக்கத்தில் குடியிருக்கிறேன். தண்ணி லாரியைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாமே சார்? எங்கள் மெயின்டெனன்ஸில் பாதி லாரிக்கே போகிறது. விடிகாலை ஐந்தரைக்கு அது ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்தான் எங்களுக்கு அலாரம்.

வாங்க நினைப்பவர்கள் மாடல் பிளாட்டின் ஏசியில் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருநாள் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் நின்ற கோடு, இரண்டு முறை பெயின்ட் அடித்தும் எங்கள் காம்பவுண்ட் சுவரில் இன்னும் லேசாகத் தெரிகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது, தண்ணி வேறு எங்கே போகும்?

இன்னொன்று, 1200 சதுர அடி என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். குடிவந்த பிறகு டேப் பிடித்து அளந்தால் உள்ளே 860 தேறியது. கார்பெட் ஏரியா (சுவருக்குள் நாம் புழங்கும் இடம்) எவ்வளவு, யூடிஎஸ் (மனையில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரீசேல் என்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வங்கி லோனில் அது வராது. எனக்கு மனைவியின் வளையல்தான் கைகொடுத்தது, இன்னும் திருப்பவில்லை.