உள்ளூர் விளம்பரப் பரிமாற்றம்: தளங்களை எண்ணாதீர்கள், போன் அழைப்புகளை எண்ணுங்கள்

செய்தித் தளம், வேலைவாய்ப்புத் தளம், சந்தை விலை போடும் தளம் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் சின்னச் சின்னதாக இணையதளம் நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். 'ஒருவர் தளத்தில் இன்னொருவர் விளம்பரத்தைக் காட்டுகிற மாதிரி, நமக்குள்ளேயே ஒரு விளம்பரப் பரிமாற்றம் வைத்துக்கொண்டால் என்ன' என்ற யோசனை இவர்களுக்கு வருவது இயல்பு. நல்ல யோசனைதான். ஆனால் ஆரம்பித்ததும் எத்தனை தளம் சேர்ந்தது என்று எண்ணுவதிலேயே காலம் போய்விடுகிறது. விளம்பரம் கொடுத்த கடைக்காரருக்கு எத்தனை போன் வந்தது என்பதைத்தான் முதலில் எண்ண வேண்டும் என்பது என் கட்சி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பரிமாற்றத்தின் அடிப்படைக் கணக்கு பழையது. 1996-ல் டோனி ஷேவும் சஞ்சய் மதனும் தொடங்கிய லிங்க் எக்ஸ்சேஞ்ச் என்ற பரிமாற்றத்தில், உறுப்பினர் தன் தளத்தில் இரண்டு பேனர் (விளம்பரப் படம்) காட்டினால் அவருடைய பேனர் வேறு இடத்தில் ஒரு முறை வரும். மிச்சமான ஒன்றைப் பரிமாற்றம் நடத்துகிறவர் காசுக்கு விற்பார். 1998-ல் மைக்ரோசாப்ட் அதை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது. இந்தத் தொகையைக் கேட்டுவிட்டுக் கனவு காண்பதற்கு முன், நம் அளவுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

20 தளங்கள், ஒவ்வொன்றிலும் நாளுக்கு 3,000 பக்கப் பார்வை, பக்கத்துக்கு ஒரு பேனர் என்று வைத்துக்கொள்வோம். பேனர் ஒரு முறை தெரிந்தால் ஒரு காட்சி; மொத்தம் நாளுக்கு 60,000 காட்சி. அதில் பாதி, உறுப்பினர்களின் பேனருக்கே திரும்பிப் போய்விடும். விற்க மிஞ்சுவது நாளுக்கு 30,000, மாதத்துக்கு 9 லட்சம். ஆயிரம் காட்சிக்கு 30 ரூபாய் என்றால், ஒன்றுவிடாமல் விற்றாலும் மாதம் 27,000 ரூபாய். சர்வர் செலவும் விற்பனைக்கு அலைகிற ஆளின் சம்பளமும் இதிலேதான் அடங்க வேண்டும். அதனால் தளத்தை 40 ஆக்கலாம் என்று தோன்றும். விளம்பரம் வாங்க ஆள் இல்லாமல் இடத்தை இரட்டிப்பாக்கினால், இரட்டிப்பாவது காலி இடம்தான்.

அடுத்து விளம்பரதாரர் பக்கம். ஒரு மாங்கன்று நர்சரி 3,000 ரூபாய் கொடுத்து ஒரு லட்சம் காட்சி வாங்குகிறது. ஆயிரத்துக்கு ஒரு கிளிக் என்றால் 100 கிளிக். கைபேசியில் விரல் தவறிப் பட்டதைக் கழித்தால் 50 தேறலாம். அதில் 10 பேர் போன் செய்து, ஒருவர் ஒரு ஏக்கருக்கு வாங்கினால்? 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 70 கன்று. கன்று ஒன்றுக்கு விளம்பரச் செலவு 43 ரூபாய். கட்டவே கட்டாது. பத்தில் மூன்று பேர் வாங்கினால் 14 ரூபாய்க்கு இறங்கும், யோசிக்கலாம். சொட்டுநீர்க் குழாய் அமைப்பவர், போர்வெல் போடுபவர், சோலார் பம்பு விற்பவர் ஆகியோருக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர் வந்தாலும் மூவாயிரம் பெரிய தொகை இல்லை. முதல் பத்து விளம்பரதாரர்களை இந்த மாதிரித் தொழில்களில் தேடுங்கள். பேக்கரியையும் ஜவுளிக்கடையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏலம் வைக்கிற ஆசை வேண்டாம். பெரிய சந்தைகளில் ஒரு விளம்பர இடம் சுமார் 100 மில்லிவினாடிக்குள் ஏலம் போய்விடுகிறது. அங்கே போட்டியாளர்கள் அதிகம், விலை ஏறும். நம் பக்கம் ஒரு இடத்துக்கு இரண்டு பேர் கேட்டாலே அபூர்வம். ஒருவர் மட்டும் கேட்கும் ஏலத்தில் விலை, நாம் வைத்த அடிமட்ட விலையிலேயே நிற்கும். மாதத்துக்கு இவ்வளவு, முன்பணம் என்று நிலையான விலை சொல்லிவிடுவது நல்லது.

பெரும்பாலோர் சறுக்குவது ஊரைக் குறிவைப்பதில். ஐபி முகவரியை (இணைய இணைப்பின் அடையாள எண்) வைத்து 'கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும்' என்று அமைத்தால், பாதி வாசகர்கள் வெளியே போய்விடக்கூடும். கைபேசி இணைப்பின் ஐபி பல நேரம் சென்னை என்றோ பெங்களூரு என்றோதான் காட்டும். தேன்கனிக்கோட்டையில் உட்கார்ந்து படிப்பவர் கணக்கில் பெங்களூருக்காரர். தொலைவை வைத்து ஓசூரைச் சுற்றி 40 கிலோமீட்டர் வட்டம் போட்டாலோ பெங்களூரின் எலக்ட்ரானிக் சிட்டி முழுவதும் உள்ளே வந்துவிடும். அங்கிருக்கும் கூட்டத்துக்கு முன்னால் நம் கிராமங்கள் கண்ணுக்கே தெரியாது.

இதற்கு மருந்து, ஆளைத் தேடாமல் பக்கத்தைத் தேடுவது. பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி விலைப் பக்கத்தைத் திறப்பவர் எந்த ஐபி-யில் வந்தாலும் விவசாயியாகவோ வியாபாரியாகவோதான் இருப்பார். அந்தப் பக்கத்தில் குழித்தட்டு நாற்று, மல்ச்சிங் ஷீட், பிளாஸ்டிக் கிரேட் விளம்பரம் வைக்கலாம். விலை ஏறுகிற வாரத்தில் நாற்றுக்கும், விலை விழுகிற வாரத்தில் கிரேட், வண்டி வாடகைக்கும் முன்னுரிமை கொடுத்துப் பாருங்கள். மாம்பழத்திலும் அப்படித்தான். மே, ஜூனில் பெட்டி போட்டு வெளியூர் அனுப்புகிறவர் விளம்பரம். மழை ஆரம்பித்தபின் கன்று விளம்பரம். வருடம் முழுக்க ஒரே பேனரை ஓட்டிவிட்டு 'ரெஸ்பான்ஸ் இல்லை' என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடப் பேனரும் ஒன்று தயார் செய்யுங்கள். செலவு குறைவு, கவனிக்கிறவர்கள் அதிகம்.

போனை எண்ணுவது எப்படி? பேனரைத் தொட்டால் விண்ணப்பப் படிவம் வரக்கூடாது. நேராக அழைப்பு, இல்லையென்றால் வாட்ஸ்அப். வாட்ஸ்அப் இணைப்பிலேயே முதல் செய்தியை எழுதிவைக்கும் வசதி இருக்கிறது. 'சொட்டுநீர் விலை வேண்டும் - 7' என்று தளத்துக்கு ஓர் எண் சேர்த்துவிட்டால், எந்தத் தளத்திலிருந்து ஆள் வந்தார் என்று கடைக்காரரே பார்த்துக்கொள்வார். இன்னொன்று, போன் எடுக்க ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் விளம்பரம் ஓட வேண்டும். விடியற்காலையில் மண்டியில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் பத்து அழைப்பு வாங்கிக் கொடுத்தால், பத்தும் வீண்.

கள்ளக் கிளிக் வரும். தளக்காரர் தன் பக்கத்தைத் தானே புதுப்பிப்பார், குழுவில் போட்டு 'எல்லாரும் ஒரு கிளிக்' என்பார். உடனே ஐபி-யைத் தடுக்காதீர்கள்; கைபேசி நிறுவனங்களில் ஒரே ஐபி-க்குப் பின்னால் நிறைய போன்கள் இருக்கும், நல்ல வாசகர்களும் சேர்ந்து அடைபடுவார்கள். பக்கம் திறந்த ஒரு வினாடிக்குள் விழுந்த கிளிக், மற்றத் தளங்களைவிடப் பல மடங்கு அதிகமான கிளிக் விகிதம், கிளிக் ஏராளம் ஆனால் வாட்ஸ்அப் செய்தி ஒன்றுகூட இல்லை: இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்தத் தளத்தின் கணக்கை நிறுத்திவைத்துப் பேசுங்கள். ஒருவருக்கு ஒரே பேனரை நாளுக்கு மூன்று முறைக்கு மேல் காட்டாதீர்கள். காட்சியை எண்ணும்போது, பேனரின் பாதியாவது ஒரு வினாடி திரையில் இருந்தால்தான் கணக்கு என்ற பொதுவான அளவுகோலையே பிடித்துக்கொள்ளலாம்.

தொழில்நுட்பம் சுருக்கமாக. பேனரைக் காட்டவும் எண்ணவும் ரிவைவ் ஆட்சர்வர் என்ற மென்பொருள் இலவசம், போதும். பேனர் 300×250 அளவில், 50 கேபி-க்குள். அஞ்செட்டி மலைப்பக்கம் சிக்னலில் கனமான படம் வருவதற்குள் வாசகர் போய்விடுவார். தளங்களில் பேனரைக் கொண்டுவரும் நிரல் வரி பக்கத்தோடு சேர்ந்து ஏறாமல் தனியாக ஏறும்படி அமைக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் சர்வர் படுத்த அன்று இருபது தளமும் சேர்ந்து படுத்துவிடும்.

காலி இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் கதவைத் தட்டுவது சூதாட்ட ஆப்களும் கடன் ஆப்களும். நல்ல விலை சொல்வார்கள், முன்பணமும் தருவார்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்வதையே 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. கடன் ஆப்பைப் போட்டால், தக்காளி விலை விழுந்த வாரத்தில் அதைத் தொடுபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். விற்காத இடத்தில் உறுப்பினர் தளங்களின் பேனரையே ஓட்டிவிட்டு, அவர்கள் கணக்கில் வரவு வைத்துவிடலாம்.