‘பிடித்த வேலை’ பொன்மொழி கன்பூசியஸ் சொன்னதல்ல

“உனக்குப் பிடித்த வேலையைத் தேர்ந்தெடு, வாழ்நாளில் ஒருநாள்கூட உழைக்க வேண்டியிருக்காது.” பண்டைச் சீனச் சிந்தனையாளர் கன்பூசியஸ் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த வாசகம் அவருடையது அல்ல.

அவருடைய பேச்சுகளின் தொகுப்பான ‘லுன்யூ’வில் 20 பகுதிகள். எதிலும் இது இல்லை. இதுவரை கிடைத்துள்ள பழைய அச்சுச் சான்றுகள் 1980களின் அமெரிக்க இதழ்களில்தான். அவர் இறந்ததோ கி.மு. 479. 6ஆம் பகுதியில் ஒரு வரி உண்டு: அறிந்தவரைவிட விரும்புபவர் மேல், விரும்புபவரைவிட அதில் மகிழ்பவர் மேல். அது கற்றலைப் பற்றியது, சம்பளத்தைப் பற்றியதல்ல.

அவர் பிழைப்பு எப்படி நடந்தது? இளமையில் எளிய நிலையில் இருந்ததால் பல சில்லறை வேலைகளைக் கற்றதாக 9ஆம் பகுதியில் அவரே சொல்கிறார். அவர் வழிவந்த பிற்காலச் சிந்தனையாளர் மென்சியஸின் நூலில் விவரம் கூடுதல். கன்பூசியஸ் களஞ்சியக் காப்பாளராக இருந்தபோது ‘கணக்கு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்’ என்றாராம். மேய்ச்சல் பொறுப்பில் இருந்தபோது ‘ஆடுமாடு கொழுத்து வளர வேண்டும், அவ்வளவுதான்’. வறுமைக்காகவும் சில சமயம் பதவி ஏற்கலாம், அப்போது சின்னப் பதவி போதும் என்பதற்கு மென்சியஸ் காட்டும் உதாரணமே இதுதான்!

கருத்தாவது சரியா? வேலையை நேசிப்பவரிடம் சம்பளமில்லாத கூடுதல் வேலை வாங்குவது நியாயம்தான் என்று பலர் எளிதில் ஒப்புக்கொள்வதை 2019இல் வெளியான உளவியல் ஆய்வுகள் காட்டின. ‘உங்களுக்குத்தான் இது பிடிக்குமே’ என்று மேலாளர் தொடங்கினால், எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை என்று எழுத்தில் கேளுங்கள்.