பிள்ளைக்கும் கை இருக்கு

போன கிழமை சொந்தக்காரர் வீட்டில ஒரு பல்லுக்கொழுக்கட்டைக்கு, பிள்ளைக்கு முதல் பல்லு முளைக்கேக்க செய்யிற சடங்குக்கு, போனனான். பிள்ளைக்கு எட்டு மாசம், கீழ்ப்பல்லு ரெண்டு அரிசி மாதிரி எட்டிப் பாக்குது. நிலத்தில பாய் போட்டு வெள்ளை விரிச்சு, நடுவில ஆளை இருத்தி, முன்னால கொப்பி, பேனை, கண்ணாடி, காசு, சங்கிலி எல்லாம் பரப்பி வச்சு, தலைக்கு மேல துணி பிடிச்சு கொழுக்கட்டையைக் கொட்டினவை. பிள்ளை ஒருக்கா எல்லாத்தையும் பாத்திட்டு தவண்டு போய் பேனையை எடுத்தது. வீடே கை தட்டினது. அந்தப் பிஞ்சுக் கை எதைத் தொடும் எண்டு அம்பது சனம் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டதை நினைக்க எனக்கு இப்பவும் சந்தோசமாக் கிடக்கு.

அரை மணித்தியாலம் கழிச்சு அதே பிள்ளையை அறைக்குள்ள கொண்டு போய் மடியில சரிச்சுப் படுத்தி, போனில கார்ட்டூன் போட்டு, கிறைண்டரில களி மாதிரி அடிச்ச சோத்தை கரண்டியால தீத்திச்சினம். பிள்ளை கரண்டியைப் பிடிக்கக் கையை நீட்ட நீட்ட ஒராள் அந்தக் கையைப் பிடிச்சு வச்சுக்கொண்டு இருந்தவ. ஆரிலயும் பிழை சொல்ல இல்லை, அவ்வளவு பேரும் அந்தப் பிள்ளையில உயிரை வச்சிருக்கிற ஆக்கள். ஆனா வீட்ட வந்தும் எனக்கு அந்தக் கைதான் கண்ணுக்குள்ள நிண்டது. அதால இதை எழுதுறன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்ர மகளுக்கு இப்ப பதினொரு மாசம். ஆறு மாசம் முடிஞ்ச நாளில இருந்து அவவைத் தானாச் சாப்பிட விட்டிருக்கிறம். இதை வெளிநாட்டில பேபி லெட் வீனிங் எண்டு சொல்லுகினம், ஜில் ராப்லி எண்ட ஒரு பிரித்தானிய ஹெல்த் விசிட்டர், அதாவது வீடு வீடாப் போய்ப் பிள்ளையளைப் பாக்கிற தாதிதான் இந்தப் பேரைப் பரவலாக்கினவ. சங்கதி லேசு. கரைச்சுக் கரண்டியால தீத்துறதுக்குப் பதிலா, அவிச்ச மெத்தெண்ட சாப்பாட்டை விரல் அளவில வெட்டி முன்னால வைக்கிறது, எடுக்கிறதும் வாயில வைக்கிறதும் வேண்டாம் எண்டு விடுறதும் பிள்ளையின்ர வேலை. தாய்ப்பால் வழமை போல போய்க்கொண்டே இருக்கும், உலக சுகாதார நிறுவனம் ரெண்டு வயசுக்கும் அதுக்கு மேலயும் குடுக்கச் சொல்லுது.

"நாங்கள் எல்லாம் கரைச்சுத் தீத்தித்தானே உங்களை வளத்தனாங்கள்" எண்டு மாமி கேட்டவ. சரியான கேள்வி, அதுக்கு மறுமொழியும் இருக்கு. 2001 வரைக்கும் உலக சுகாதார நிறுவனமே 4 தொடக்கம் 6 மாசத்துக்குள்ள சாப்பாடு தொடங்கலாம் எண்டுதான் சொல்லிக்கொண்டு இருந்தது, அதுக்குப் பிறகுதான் முழுசா 6 மாசம் தாய்ப்பால் மட்டும் எண்டு மாத்தினது. நாலு மாசப் பிள்ளைக்கு இருக்கத் தெரியாது, கரண்டி வச்சா நாக்கு தானா வெளிய தள்ளும். அந்தப் பிள்ளைக்குக் கரைச்சுத் தீத்துறதை விட வேற வழி இல்லை. ஆறு மாசப் பிள்ளை வேற ஆள். கொஞ்சம் பிடிச்சு விட்டா நிமிந்து இருக்கும், கண்டதை எல்லாம் எட்டிப் பிடிக்கும், பிடிச்சதை நேர வாய்க்குக் கொண்டு போகும். தொடங்குற வயசு மாறிட்டுது, தீத்துற விதம் மட்டும் அந்த நாலு மாசக் கணக்கிலயே நிக்குது, அவ்வளவுதான் மாமி எண்டு சொன்னனான். அவ யோசிச்சவ, ஒண்டும் சொல்ல இல்லை.

முதல் நாள் பூசணி. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில வாங்கினது. தோல் சீவி என்ர சுட்டு விரல் நீளத்துக்கு வெட்டி, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டிக்குள்ள வச்சு அவிச்சனான், விரலால நசிச்சா நசியோணும், தூக்கினா உடையக் கூடாது, அந்தப் பதம். ஏன் விரல் நீளம் எண்டால் ஆறு மாசத்தில பிள்ளைக்கு உள்ளங்கையாலதான் பொத்திப் பிடிக்கத் தெரியும், பொத்தின கைக்குள்ள இருக்கிறதை எடுக்கத் தெரியாது, கைக்கு வெளிய நீட்டிக்கொண்டு நிக்கிற துண்டைத்தான் சூப்பும். பெருவிரலும் சுட்டு விரலும் சேத்து ஒரு சோத்துப் பருக்கையைக் கிள்ளி எடுக்கிற வித்தை ஒம்பது மாசம் மட்டிலதான் வரும். மகள் முதல் துண்டை எடுத்து நெத்தியில பூசினா, பிறகு கன்னத்தில, பிறகு ஒரு மாதிரி வாய்க்குப் போச்சு. முகத்தைச் சுருக்கினா. திரும்ப வச்சா. பத்து நிமிசத்தில வயித்துக்குள்ள போனது ஒரு தேக்கரண்டி கூட இராது, ஆனா அவவின்ர முகத்தில இருந்த கவனம் இருக்கே, சோதனை எழுதுற பிள்ளைக்குக் கூட அந்தக் கவனம் இராது.

இப்ப எல்லாரும் கேக்கிற கேள்விக்கு வாறன். அடைக்காதோ?

இதை விளங்காமல் தயவு செய்து ஒருத்தரும் தொடங்காதைங்கோ. ஓங்காளிக்கிறது வேற, தொண்டை அடைக்கிறது வேற. சின்னப் பிள்ளையளுக்கு ஓங்காளம் வாற இடம் நாக்கில எங்களை விட முன்னுக்கு இருக்கு, அதால துண்டு கொஞ்சம் உள்ள போனாலே முகம் சிவந்து, கண்ணீர் வந்து, "ஓ..." எண்டு சத்தம் போட்டு துப்பும். பாக்கப் பயமாத்தான் இருக்கும், ஆனா அது உடம்பு தன்னைத் தானே காப்பாத்துற வழி. மூண்டாம் நாள் மகள் அப்பிடி ஓங்காளிக்க நான் என்ர விரலை வாய்க்குள்ள விடப் போட்டன். நல்ல காலம் எங்கட மிட்வைஃப் அக்கா கிளினிக்கில முதலே சொல்லி வச்சிருந்தவ, கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் விட்டுத் தேடினா அது இன்னும் உள்ளதான் போகும் எண்டு. கையை மடியில வச்சுக்கொண்டு இருந்தன். ரெண்டு செக்கன், துப்பிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டிட்டா.

அடைக்கிறது சத்தம் போடாது. அதையும் நான் கண்டனான், மறைக்க மாட்டன். எட்டாம் மாசம், வீட்ட வந்த ஒராள் ஆசையில அவிக்காத அப்பிள் ஒரு கடி கடிச்சு மகளின்ர வாயில வச்சிட்டா. நான் குசினியில. திடீரெண்டு ஒரு சத்தமும் இல்லை எண்டு எட்டிப் பாத்தா பிள்ளை வாயைத் திறந்தபடி இருக்கு, அழுகை வரேல்லை, இருமல் வரேல்லை, உதடு நிறம் மாறுது. முன்னங்கையில குப்புறப் போட்டு, தலை பதிஞ்சிருக்க, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில உள்ளங்கை அடியால ஒண்டு, ரெண்டு, மூண்டாவதோட துண்டு வெளிய விழுந்தது. அதுக்குப் பிறகு அவ அழுத அழுகை மாதிரி ஒரு இனிமையான சத்தத்தை நான் என்ர சீவியத்தில கேட்டதில்லை. ஒரு வயசுக்குள்ள பிள்ளைக்கு அஞ்சு தரம் முதுகில, அதுக்கும் வராட்டி மல்லாத்தி நெஞ்சு எலும்பின்ர நடுவில அஞ்சு தரம் அமத்தோணும், மாறி மாறி, அதுக்கிடையில ஆரும் ஒராள் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடிக்கோணும். இதைத் தாய் தகப்பன் மட்டுமில்லை, பிள்ளையைப் பாக்கிற அம்மம்மா, அப்பம்மா, சித்தி எல்லாரும் பழகோணும், நீங்கள் கிறைண்டரில அடிச்சுத் தீத்தினாலும் பழகோணும்.

ஏனெண்டால் தானாச் சாப்பிடுறதாலதான் அடைக்குது எண்டு சொல்ல ஏலாது. நியூசிலாந்தில ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில 206 பிள்ளையளை வச்சு ஒரு ஆய்வு செய்தவை, 2016இல வந்தது. தானாச் சாப்பிட்ட பிள்ளையளுக்கும் வழமை போல கரண்டியால சாப்பிட்ட பிள்ளையளுக்கும் அடைக்கிறதில வித்தியாசம் காணேல்லை. ஆனா இதையும் சேத்துச் சொல்லோணும், அந்தத் தாய்மாருக்கு எதைக் குடுக்கலாம், எதைக் குடுக்கக் கூடாது எண்டு வடிவாச் சொல்லிக் குடுத்துத்தான் செய்தவை. அதே ஆய்வில ரெண்டு பக்கத்துப் பிள்ளையளும் சேத்து 35 சதவீதம் பேருக்கு 6 மாசத்துக்கும் 8 மாசத்துக்கும் இடையில ஒருக்காவது அடைச்சிருக்கு. அப்ப ஆபத்து கையில இல்லை, எதை வெட்டி எப்பிடி வைக்கிறம் எண்டதிலதான் இருக்கு. பச்சைக் கரட், அவிக்காத அப்பிள், முழு முந்திரிகைப் பழம் (திராட்சை), தேங்காய்ச் சொட்டு, முழுக் கச்சான் (நிலக்கடலை) இதுகள் எங்கட வீட்டில பிள்ளைக்குக் கிட்டவும் வராது. முந்திரிகைப் பழம் எண்டால் நீளப்பாட்டுக்கு நாலாப் பிளந்துதான் குடுக்கிறது. பல்லுக்கொழுக்கட்டைக்குள்ள சொட்டு வைக்கிற வழக்கம் இருக்கு, அதை அந்தப் பிள்ளையின்ர கையில குடுக்க வேண்டாம் எண்டு அண்டைக்குத் தடுத்த ஆக்கள் செய்தது நூத்துக்கு நூறு சரி. பிள்ளை சாப்பிடேக்க எப்பவும் நிமிந்து இருக்கோணும், பக்கத்தில ஒராள் இருக்கோணும். மடியில சரிச்சுப் படுத்தித் தீத்துறதுதான் எனக்குப் பயம்.

அடுத்தது இரும்புச்சத்து. இதைத்தான் யூரியூப்காரர் கனபேர் விட்டிடுகினம், கலர் கலரா மரக்கறியை அடுக்கி வச்சுப் படம் எடுக்கினம். தாயின்ர வயித்தில இருக்கேக்க சேத்து வச்ச இரும்பு ஆறு மாசம் மட்டிலதான் காணும், தாய்ப்பாலில இரும்பு கொஞ்சம்தான். 7 தொடக்கம் 12 மாசப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் வேணும் எண்டு அமெரிக்கக் கணக்குச் சொல்லுது, வளந்த ஆம்பிளைக்கே 8தான். வெள்ளரிக்காய்த் துண்டைச் சூப்பி அது வராது. நான் செய்யிறது, மீனெண்டால் பெரிய பாரை, விளை மாதிரி முள்ளை விரலால தடவிப் பாத்து எடுக்கக் கூடிய மீன், சூடை பக்கமே போறதில்லை. ஆட்டிறைச்சி நல்லா அவிய விட்டு அரைச்சு உருட்டி விரல் மாதிரிப் பிடிச்சு வைப்பன். முட்டை மஞ்சள் வெள்ளை ரெண்டும் அவிச்சு நீளமா வெட்டிக் குடுப்பன். பயறும் உழுந்தும் அவிச்சு மசிச்சு இடியப்பத்தோட. கூட ஒரு துண்டு பப்பாப்பழமோ தோடம்பழமோ வச்சா இரும்பு நல்லாச் சுவறும். தேத்தண்ணி சுவற விடாது, அதால ரஸ்கைத் தேத்தண்ணியில தோய்ச்சுக் குடுக்கிற எங்கட பழக்கத்தை ஆராவது வாசிக்கிற ஆக்கள் நிப்பாட்டினா எனக்கு அதுவே பெரிய காரியம். தேன் ஒரு வயசு வரைக்கும் நாக்கில தொட்டு வைக்கவும் கூடாது, பொட்டுலிசம் எண்டு உயிராபத்தான வருத்தம் வரலாம். உப்பு ஒரு நாளைக்கு 1 கிராமுக்குக் கீழ, அதால கறிக்கு உப்புப் போட முதல் பிள்ளையின்ரதை எடுத்து வச்சிடுவன், தனிச் சமையல் இல்லை. கச்சான் எண்டவுடன பயந்து ஒரேயடியா ஒதுக்கவும் வேண்டாம், மாவா அரைச்சுக் கூழில கலந்து வேளைக்கே பழக்கினா கச்சான் ஒவ்வாமை நல்லாக் குறையுது எண்டு 2015இல வந்த பெரிய ஆய்வு காட்டினது, ஆனா பிள்ளைக்குக் கடுமையான தோல் கரப்பன் இருந்தா டொக்டரைக் கேட்டிட்டுத்தான்.

இனி எங்கட ஊருக்கே உரிய ஒரு விசயம், சிந்துறது.

மகள் புட்டை அள்ளி எறிஞ்ச முதல் நாள் என்ர அம்மா எழும்பி உள்ள போட்டா. கோவம் எண்டு நினைச்சன். போய்ப் பாத்தா கட்டிலில இருந்து அழுறா. 95இல இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கேக்க என்ர அண்ணாவுக்கு ஒரு வயசு கூட இல்லை. ஒரு சுண்டு அரிசிக்கு அவ நிண்ட வரிசையை, பருக்கை பருக்கையா எண்ணித் தீத்தினதை எனக்கு அண்டைக்குத்தான் முழுசாச் சொன்னவ. "சோத்தைச் சிந்திறதைப் பாக்க எனக்கு ஏலாது பிள்ளை" எண்டவ. அதுக்குப் பிறகு நான் முறையை மாத்தினன். ஒரே நேரத்தில கோப்பை நிறைய வைக்கிறதில்லை, ஒரு துண்டு, அது முடிய அடுத்தது. கீழ கழுவின சேலை ஒண்டு விரிச்சு விடுறது, அதில விழுந்தது சுத்தமா இருக்கும், எடுத்துத் திரும்பக் குடுக்கலாம், மிச்சம் கோழிக்கு. இப்ப சிந்துறது ஒரு கைப்பிடிதான். அம்மா பக்கத்தில இருந்து பாக்கிறா. சின்னனில எங்களுக்கு எல்லாக் கறியும் விட்டுக் குழைச்சு ஆளுக்கொரு திரணை உள்ளங்கையில வைப்பா அம்மம்மா, நாங்கள் கையை நீட்டிக்கொண்டு சுத்தி இருப்பம். வாய்க்குள்ள இல்லை, கையிலதான் வைப்பா.

எல்லாத்திலயும் எனக்கு முக்கியமாப் படுறது வயிறு நிறைஞ்சிட்டுது எண்டு பிள்ளை சொல்லுறதை நாங்கள் நம்புறமோ எண்டதுதான். மகள் போதும் எண்டால் தலையைத் திருப்புவா, துண்டைக் கையில வச்சு உருட்டுவா, கதிரையில இருந்து இறங்கத் தெண்டிப்பா. அதோட முடிஞ்சுது. உலக சுகாதார நிறுவனத்தின்ர 2023 வழிகாட்டியும் பிள்ளையின்ர பசியையும் நிறைவையும் பாத்து, தானாச் சாப்பிட ஊக்கப்படுத்தித்தான் குடுக்கச் சொல்லுது. போனில கார்ட்டூன் ஓடேக்க பிள்ளை வாயைத் திறக்கிறது பசியில இல்லை, தான் திறக்கிறது எண்டே அதுக்குத் தெரியாது. ஒரு கோப்பை முடிஞ்சுது எண்டு எங்களுக்குத்தான் நிம்மதி. கிளினிக் புத்தகத்தில நிறை கோடு மேல போகோணும் எண்ட பயம் எனக்கும் இருக்கு, ஒவ்வொரு மாசமும் தராசில இருத்தேக்க நெஞ்சு அடிக்கும். ஏழாம் மாசம் கோடு கொஞ்சம் படுத்தது. மிட்வைஃப் அக்கா வெருட்டேல்லை, எண்ணெய் அல்லது பசுநெய் ஒரு சொட்டுக் கூடச் சேத்து, இறைச்சி மீனைக் கூட்டி, ஒரு நேரம் மசிச்சும் குடு எண்டவ. குடுத்தனான். பிறகு கோடு நிமிந்தது.

அதாலதான் கரண்டியைத் தொடவே கூடாது எண்டு நிக்கிற ஆக்களோடயும் எனக்குச் சரி வராது. குரக்கன் கூழைப் பிள்ளை கையால அள்ளிக் குடிக்குமோ? கரண்டியில எடுத்து பிள்ளையின்ர கையில குடுத்தா அது வாய்க்குக் கொண்டு போகப் பழகுது. மாசம் குறையப் பிறந்த பிள்ளை, நிறை குறைஞ்ச பிள்ளை, வருத்தக்காரப் பிள்ளை எண்டால் டொக்டர், மிட்வைஃப் சொல்லுறதைத்தான் கேக்கோணும், என்ர பதிவை இல்லை.

நான் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கி ரெண்டு மாசம். மத்தியானம் மகள் மாமியோட. மாமிக்குத் தன்ர கையால குழைச்சுத் தீத்தினால்தான் மனம் ஆறும், அதை நான் தடுக்கேல்லை, அது அவவின்ர அன்பு, மகளுக்கும் அந்தக் கை ருசி வேணும். நேற்று வேளைக்கே வந்து யன்னலால பாத்தன். மாமி ஒரு வாய் தீத்துறா, மகளின்ர இடது கையில ஒரு வாழைப்பழத் துண்டு, அதில ஒரு கடி. பிறகு மாமி அடுத்த வாயோட கையை நீட்டிக்கொண்டு காத்துக்கொண்டு இருக்கிறா, மகள் விழுங்கி முடிச்சு வாயைத் திறக்கு மட்டும். போன் அலுமாரிக்கு மேல இருந்தது.