பால் விட்கென்ஸ்டைன் கை போன பிறகு பியானோ கற்றவர் அல்ல
ஒருவர், 'முதல் உலகப் போரில் கை இழந்த சிப்பாய் ஒருவர் அதன்பிறகு பியானோ கற்றார், அவர்மேல் இரக்கப்பட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இடது கைக்கென்றே இசை எழுதிக் கொடுத்தார்' என்று போட்டிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அப்படியல்ல.

அந்தச் சிப்பாய் வியன்னாவின் பால் விட்கென்ஸ்டைன். 1913-லேயே அரங்கேறிய பியானோ கலைஞர். அடுத்த ஆண்டு போர்முனையில் குண்டடி பட்டு, வலது கையை வெட்டி எடுத்தார்கள். ரஷ்யர்களிடம் பிடிபட்டு சைபீரியாவின் ஓம்ஸ்க் முகாமில் கிடந்தபோது, மரப்பெட்டி ஒன்றின்மேல் கரியால் பியானோ கட்டைகளை வரைந்து, ஓசையே வராத அதில் இடது கை விரல்களைப் பழக்கினார்.

அப்புறம் இரக்கம் என்ற கதை. இரும்பாலை அதிபரின் மகனான விட்கென்ஸ்டைனுக்கு யாருடைய இரக்கமும் தேவைப்படவில்லை. ராவெலுக்குக் காசு கொடுத்து எழுதச் சொன்னதே இவர்தான். 1932 ஜனவரியில் வியன்னாவில் அதை வாசித்தபோது இஷ்டத்துக்கு மாற்றியும் வாசித்தார். ராவெலுக்குக் கடும் கோபம். ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவிடமும் காசு கொடுத்து ஓர் இசைப்படைப்பு எழுதி வாங்கினார், மேடையில் வாசிக்கவே இல்லை. சுலபமான மனிதர் இல்லை!

யாரும் பேசாதது அவருடைய ஆசிரியப் பணி. 1931 முதல் வியன்னாவில் கற்பித்தவரை, யூத வம்சாவளி என்று 1938-ல் நாஜிகள் வெளியேற்றினார்கள். அமெரிக்கா போய் அங்கும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1957-ல் இடது கைக்கான பயிற்சி நூலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.